சங்கிலி கழன்ற கைகளுக்கு ஒரு வேலை

1793ம் ஆண்டில் பாரிஸ் நகரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு சனவரி 21ம் தேதி பிரான்ஸ் அரசர் பதினாறாம் லூயி கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு இறந்தார். வாய் தவறி ஒரு சொல் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று எல்லாரும் அஞ்சிய காலம் அது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம், 48 வயது மருத்துவர் ஒருவர் பாரிசுக்குத் தெற்கே இருந்த பிசேத்ர் என்ற அரசு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். அது பெயருக்குத்தான் விடுதி. குற்றவாளிகள், பிச்சைக்காரர்கள், கவனிப்பாரற்ற முதியவர்கள் என்று ஆயிரக்கணக்கான ஆண்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். அவர்களோடு ஏறக்குறைய 200 மனநோயாளிகளும் இருந்தார்கள். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள்.

அந்த மருத்துவரின் பெயர் பிலிப் பினெல். மனநோயாளிகளின் விலங்குகளை உடைத்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. இந்தப் புகழில் ஒரு சிறு பிழை இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். விலங்கு கழன்ற பிறகு அந்த மனிதர் காலை முதல் இரவு வரை என்ன செய்வது என்ற கேள்வியைப் பினெல் கேட்டார். அவரை இன்று நாம் நினைத்துப்பார்ப்பது அந்தக் கேள்விக்காகத்தான்.

பினெல் 1745ம் ஆண்டு ஏப்ரல் 20ம் தேதி பிரான்சின் தென்பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் அது இன்றுபோல் பெருமைக்குரிய பட்டம் அல்ல, சவரக்கத்தி பிடிக்கும் தொழிலோடு சேர்த்து எண்ணப்பட்ட கைத்தொழில். சிறுவன் பினெல் துறவியர் நடத்திய பள்ளியில் இலத்தீனும் இலக்கியமும் படித்தார். குருவாக வேண்டும் என்ற எண்ணத்தோடு துலூஸ் நகரில் இறையியல் பயின்றார். 1770ம் ஆண்டு, 25 வயதில், அந்தப் பாதையை விட்டு மருத்துவத்திற்கு மாறினார். 1773ல் பட்டமும் பெற்றார்.

பட்டம் கிடைத்ததே தவிர வாழ்க்கை எளிதாகவில்லை. 1778ல் பாரிசுக்கு வந்தபோது, துலூஸில் வாங்கிய பட்டத்தைக்கொண்டு அங்கே மருத்துவம் பார்க்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழை மருத்துவர்களுக்கான உதவிப் பரிசு ஒன்றுக்கு இருமுறை தேர்வு எழுதினார். இருமுறையும் தோல்வி. கூச்ச சுபாவம் உள்ளவர், தேர்வாளர்கள் முன் சரளமாகப் பேச வரவில்லை. கணிதம் சொல்லிக்கொடுத்தும், ஆங்கில மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், ஒரு மருத்துவ இதழுக்கு ஆசிரியராக இருந்தும் வயிற்றைக் கழுவினார். நாற்பது வயதைக் கடந்தும் ஊன்றி நிற்க ஓர் இடம் இல்லாத மனிதர் என்றே அவரைச் சொல்லவேண்டும்.

இந்த நாள்களில்தான், 1783ம் ஆண்டு, அவருக்கு நெருக்கமான ஓர் இளைஞர் மனநோய்க்கு ஆளானார். அன்றைக்கு இருந்த சிகிச்சைகள் எதுவும் அவரைக் குணப்படுத்தவில்லை. ஒரு நாள் வீட்டைவிட்டு ஓடிய அவர் காட்டிற்குள் இறந்துகிடந்தார். அந்த இழப்பு பினெலை விடவே இல்லை. மனநோய் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினார். பெல்லோம் என்பவர் நடத்திய தனியார் மனநோயாளர் இல்லத்திற்குச் சில ஆண்டுகள் தொடர்ந்து சென்று, நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். பிசேத்ருக்கு வருமுன் அவருக்கு இருந்த பயிற்சி இவ்வளவுதான்.

பிசேத்ரில் மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளராக இருந்தவர் ழான்-பாப்திஸ்த் புசேன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். புசேன் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய் வந்து, 1771ம் ஆண்டு நோயாளியாகப் பிசேத்ருக்குள் வந்தவர். நோய் ஆறியபின்னும் வெளியே போகவில்லை. அங்கேயே சிறு வேலைகள் செய்து, படிப்படியாக உயர்ந்து, மனநோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்திருந்தது. மருத்துவப் படிப்பு அறவே கிடையாது. அவருடைய மனைவி மார்கரீத் ஜுப்லினும் அதே வேலையில் துணையாக இருந்தார். நோயாளியை அடிக்கும் பணியாளருக்கு இங்கே இடமில்லை என்பது புசேன் வகுத்த விதி. குணமடைந்து வந்தவர்களையே பணியாளர்களாக எடுத்துக்கொள்வது அவர் கண்ட வழி. அடிபட்ட வேதனை தெரிந்தவர் இன்னொருவரை அடிக்கக் கையை எளிதில் ஓங்கமாட்டார் அல்லவா?

பட்டம் பெற்ற பினெல் இந்தப் பட்டமற்ற மனிதரிடம் பாடம் கேட்டார். தம் நூலிலும் அதை மறைக்காமல் எழுதினார். மருத்துவர் என்ற தோரணையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் நோயாளிகளோடு வாழ்ந்தவரின் கண்களால் பார்க்கக் கற்றுக்கொண்டார். இன்றும் எத்தனை மருத்துவர்கள் வார்டு ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்தால், இதன் பெருமை நமக்குப் புரியும்.

முதலில் சொன்ன பிழை இதுதான். பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவர் புசேன். அது நடந்தது 1797ம் ஆண்டு. பினெல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1795ல், பெண்களுக்கான சல்பேத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிப்போய்விட்டார். அங்கே பெண்களின் சங்கிலிகள் பினெலின் பொறுப்பில் சில ஆண்டுகள் கழித்து அகற்றப்பட்டன. பிசேத்ரில் பினெல் தம் கையால் சங்கிலிகளை உடைத்த கதையைப் பிற்காலத்தில் பரப்பியவர்களுள் அவருடைய மகனும் ஒருவர். ஓவியர்கள் அதை வண்ணத்தில் தீட்டினார்கள். சங்கிலி போன இடத்தில், கட்டுக்கடங்காதவர்களுக்கு முரட்டுத்துணிச் சட்டை வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கைகளை முதுகுப்பக்கம் இறுக்கிக் கட்டும் சட்டை அது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றமாகவே இருந்தது.

பிசேத்ரில் பினெல் பார்த்த நோயாளிகளுள் ஒருவர் தையற்காரர். அரசர்மீது நடந்த வழக்கைப் பற்றி ஏதோ தம் கருத்தைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு மிரட்டினார்கள். வீட்டிற்குப் போனவருக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. வேலையை விட்டார். தமக்குக் கில்லட்டின் தண்டனை விதிக்கப்பட்டாகிவிட்டது, எந்த நேரமும் இழுத்துப்போவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பிசேத்ருக்குக் கொண்டுவரப்பட்டார்.

பினெல் அவரோடு வாதாடவில்லை. மரண தண்டனை எதுவும் இல்லை என்று ஆயிரம் முறை சொன்னாலும் அந்த மனம் ஏற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற நோயாளிகளின் கிழிந்த உடைகளைத் தைத்துத் தரும் வேலையை அவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சிறு கூலியும் உண்டு என்று பேசப்பட்டது. தையற்காரர் ஊசியை எடுத்தார். ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் தைத்தார். இரண்டு மாதங்களில் ஆள் மாறிப்போனார். தண்டனையைப் பற்றிய பேச்சு நின்றது. அதுவரை நினைத்தும் பார்க்காதிருந்த தம் ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி அன்போடு பேசத் தொடங்கினார், அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பினார். அந்தப் பாசம் திரும்பி வந்ததைத்தான் பினெல் நல்ல அடையாளமாகக் கண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அந்த வேலை தொடரவில்லை. சும்மா இருந்த நாள்களில் பழைய அச்சம் மறுபடியும் அவரைப் பிடித்துக்கொண்டது. பினெல் வேறொரு வழியை முயன்றார். சில மருத்துவர்களை நீதிபதிகள்போல் கறுப்பு உடை அணியச் செய்து, விசாரணை நடத்தி, தையற்காரர் குற்றமற்றவர் என்று தீர்ப்பும் சொல்ல வைத்தார். அது கொஞ்ச காலம் பலன் தந்தது. பிறகு யாரோ ஒருவர், அதெல்லாம் நாடகம் என்று அவரிடம் சொல்லிவிட்டார். அத்தோடு நோய் முற்றி, குணமாகாதவர் பட்டியலில் அவர் சேர்ந்தார். பினெல் இதையும் எழுதி வைத்திருக்கிறார். தோல்வியை எழுதும் மருத்துவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. பொய்த் தீர்ப்பைக் கலைக்க ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் தைத்துக் கொடுத்த உடைகளையோ யாராலும் பொய் என்று சொல்லியிருக்க முடியாது.

வேலையின் மதிப்பைப் பற்றிப் பினெலுக்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. அது ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. சரகோசா நகரில் 1425ம் ஆண்டு அரசர் ஐந்தாம் அல்போன்சோ தொடங்கிய, அருள்நிறை அன்னையின் பெயர் தாங்கிய மருத்துவமனை ஒன்று இருந்தது. எந்த நாட்டு நோயாளிக்கும் அதன் கதவு திறந்திருந்தது. அங்கே மனநோயாளிகள் காலையில் எழுந்ததும் சிலர் வீட்டு வேலைகளுக்கும், சிலர் பட்டறைகளுக்கும், மற்றவர்கள் மேற்பார்வையாளரோடு வயலுக்கும் போவார்கள். பருவத்திற்கு ஏற்ப அறுவடை, திராட்சை பறிப்பு, ஒலிவக் காய் சேகரிப்பு. மாலையில் களைத்துத் திரும்பி அமைதியாகத் தூங்குவார்கள். அவர்களில் பலர் குணமடைந்தார்கள். கைவேலை செய்வது குலப்பெருமைக்கு இழுக்கு என்று வயலில் இறங்க மறுத்த பிரபுக்களோ நோயோடேயே இருந்துவிட்டார்கள் என்று பினெல் பதிவு செய்கிறார். ஒவ்வொரு மனநோயாளர் இல்லத்தோடும் ஒரு பண்ணை இருக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். சரகோசா மருத்துவமனை 1808ம் ஆண்டு நெப்போலியனின் படை நகரை முற்றுகையிட்டபோது அழிந்துபோனது.

ஸ்பெயினில் இதற்கு முன்னோடியும் உண்டு. 1409ம் ஆண்டு வலென்சியா நகரில், அருள்தந்தை ஜோஃப்ரே பேராலயத்திற்கு மறையுரை ஆற்றப் போகும் வழியில், தெருவில் ஒரு மனநோயாளியைச் சிலர் அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டார். அவரைக் காப்பாற்றியபின், அன்று மறையுரையில் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே இல்லம் உருவானது. நம் திருஅவை பெருமைப்படக்கூடிய நிகழ்வு இது.

பெருமைப்பட முடியாத பக்கமும் பினெலின் நூலில் இருக்கிறது. மனநோயாளர் பதிவேடுகளைப் புரட்டியபோது குருக்களும் துறவியரும் கணிசமாக இருப்பதைக் கண்டார். நரகத்தைப் பற்றிய அச்சமூட்டும் சித்திரிப்புகளால் மனம் கலங்கிய நாட்டுப்புறத்து மக்களும் இருந்தார்கள். குருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர் சொன்ன குறை என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். ஏற்கெனவே குற்ற உணர்வில் மூழ்கிக் கிடக்கும் ஒருவரிடம் தண்டனையைப் பற்றி மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருக்களுக்குத் தெரியும்.

1801ம் ஆண்டு பினெலின் முக்கிய நூல் வெளிவந்தது. நோயாளியோடு நாள்தோறும் பேசுவது, கவனித்து எழுதிவைப்பது, இரத்தம் வடித்தல் போன்ற கடும் முறைகளைக் குறைப்பது, ஒழுங்கான பொழுதும் கைக்கு வேலையும் தருவது என்று அவர் வகுத்த முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஆனால் பின்னர் பெரிய பெரிய மனநோயாளர் இல்லங்கள் எழுந்து, அவற்றில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டபோது முறை கெட்டது. நோயாளிக்காக வேலை என்ற நிலை மாறி, இல்லத்தை நடத்துவதற்காக நோயாளி என்றாகிவிட்ட இடங்கள் உண்டு. துணி துவைக்கவும் தோட்டம் கொத்தவும் கூலியில்லாத ஆட்கள் கிடைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பழைய எண்ணம் புதிய பெயரில் மறுபடியும் பிறந்தது. 1917ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி, ஆக்குபேஷனல் தெரபிக்கென்று ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொல்கிறோம். நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950ம் ஆண்டு மும்பையின் கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

தொழில் என்ற சொல் நம்மைச் சற்றுத் திசைதிருப்புகிறது. இங்கே அதற்குச் சம்பள வேலை என்று மட்டும் பொருளில்லை. ஒரு மனிதருடைய நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடங்கும். பல் துலக்குவது, குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறுவது, கடையில் மீதிச் சில்லறை எண்ணி வாங்குவது, பாடகர் குழுவில் பாடுவது எல்லாமே. 1952ல் பாரிசிலேயே, மனச்சிதைவு நோய்க்குப் பயன்படும் முதல் மருந்தின் பலனை மருத்துவர்கள் கண்டார்கள். இன்று மருந்துகள் காதில் கேட்கும் குரல்களைப் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றன. ஆனால் காலையில் எழவேண்டும் என்ற எண்ணத்தை, ஒரு வேலையைத் தொடங்கும் துணிவை மருந்தால் மட்டும் கொடுக்க முடிவதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து வேலை செய்த பிறகு வரும் அந்த வெறுமையான பொழுதைத்தான் சொல்கிறேன்.

டீ போடுவதையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வேலை. நெடுநாள் நோயுற்றிருந்தவருக்கு அது பத்து வேலை. பாத்திரம் எடுக்கவேண்டும், தண்ணீர் அளக்கவேண்டும், அடுப்பைப் பற்றவைக்கவேண்டும், கொதிக்கும்வரை வேறெங்கும் போகாமல் நிற்கவேண்டும், பால், தூள், சர்க்கரை, வடிகட்டுவது என்று வரிசை நீளும். நடுவில் ஒன்று மறந்தாலும் மனம் உடைந்துவிடும். ஆகவே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் சில நேரங்களில் வரிசையைத் தலைகீழாக்குவார். எல்லாவற்றையும் தாமே செய்துவிட்டு, டம்ளரில் ஊற்றி அம்மாவுக்குக் கொடுப்பதை மட்டும் அவரிடம் விடுவார். முதல் நாளே ஒரு வேலையை முடித்த நிறைவு கிடைக்கிறது, ஒருவர் வாங்கிக் குடிக்கிறார். அடுத்த சில நாள்களில் வடிகட்டுவதும் சேரும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். எந்த வேலை என்பதும் ஆளைப் பொறுத்தது. முன்பு கணக்கு எழுதியவருக்குக் கூடை பின்னக் கொடுத்தால் அது பொழுதுபோக்காகவே நின்றுவிடலாம். அவர் முன்பு எப்படி வாழ்ந்தார், எதை விரும்பினார், வீட்டில் அவர் செய்தால் யாருக்கு உதவும் என்று கேட்டறிவதில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது. பினெல் தையற்காரரின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இதெல்லாம் தொலைதூரத்துப் பழங்கதை என்று நமக்குத் தோன்றலாம். 2001ம் ஆண்டு ஆகஸ்ட் 6ம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். புசேன் சங்கிலியை அகற்றி 204 ஆண்டுகள் ஆன பிறகு இது நடந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் நோயாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க கூலி தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பழைய இல்லங்களில் நடந்த கூலியில்லா உழைப்புக்கு வந்த பதில் இது.

நம்முடைய சில திருத்தலங்களுக்கும் குடும்பத்தினர் மனநோயாளிகளைக் கூட்டிவந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். செபிப்பது நல்லது. அந்த வாரங்களில் அந்த மகனோ மகளோ பகல் முழுவதும் என்ன செய்கிறார்? அநேகமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டிலும் அப்படித்தான். சங்கிலி இல்லை, ஆனால் கத்தியைத் தொடாதே, அடுப்புப் பக்கம் போகாதே, விருந்தாளி வந்தால் உள்ளே இரு என்று அன்பினாலும் அச்சத்தினாலும் ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொள்கிறோம். தங்கையின் திருமணத்தில் நாற்காலி எடுத்துப்போடும் வேலைகூட அண்ணனுக்குக் கிடைப்பதில்லை. ஆலயத்தைக் கூட்டவும், பாடல் புத்தகங்களை அடுக்கி வைக்கவும், அன்பியக் கூட்டத்திற்குப் பாய் விரிக்கவும் ஒவ்வொரு பங்கிலும் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் அவராக இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

பினெலின் கடைசி ஆண்டுகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சல்பேத்ரியேருக்குப் போனதிலிருந்து, புசேனைத் தம்மிடம் அனுப்பவேண்டும் என்று அரசை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1802ம் ஆண்டு புசேன் அங்கே வந்து சேர்ந்தார், 1811ல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். பினெலுக்குப் பதவிகளும் பட்டங்களும் வந்தன. நெப்போலியனுக்கே ஆலோசனை மருத்துவராக இருந்தார். 1822ல் அரசு மாறிய சூழலில் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 77 வயது. சல்பேத்ரியேர் பெண்களின் மருத்துவராக மட்டும் தொடர்ந்தார். 1826ம் ஆண்டு அக்டோபர் 25ம் தேதி இறந்தார். அந்த மருத்துவமனை இன்றும் பாரிசில் இயங்குகிறது. 1885ம் ஆண்டு வைத்த அவருடைய சிலை அதன் வாசலுக்கு முன்னால் நிற்கிறது.